பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது?



2003ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள், அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குத் தொடுத்தன. அந்த 261 பேரில் நியூயார்க் நகரைச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவள் யார் வீட்டிலும் புகுந்து திருடவில்லை. வீட்டுக் கணினியில் தனக்குப் பிடித்த பாடல்களைப் பதிவிறக்கம் செய்தாள். அவை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளும்படி அந்தக் கணினியில் திறந்தே கிடந்தன. செய்தி வெளிவந்த மறுநாளே அந்தத் தாய் 2,000 டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடித்துக்கொண்டார்.

இந்தச் சம்பவத்தைக் கேட்டதும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒரு சிறுமியை நீதிமன்றத்துக்கு இழுப்பது நியாயமா? அது நியாயமில்லை என்றால், பிறருடைய உழைப்பைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்வது மட்டும் நியாயமா? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இணைய இசைத் திருட்டின் உண்மையான கதை புரியும்.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. அங்குள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிலையத்தின் அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து எம்பி3 என்னும் தொழில்நுட்பத்தை உருவாக்கினார்கள். பலத்த ஓசை ஒன்று கேட்கும்போது அதனருகில் ஒலிக்கும் மெல்லிய ஓசை மனிதக் காதுக்கு எட்டுவதில்லை. காதுக்கு எட்டாத அந்தப் பகுதிகளை நீக்கிவிட்டால், பாட்டின் அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குறுந்தட்டில் நாற்பது மெகாபைட் இடம் பிடித்த பாடல் நான்கு மெகாபைட்டில் அடங்கியது. 1990களின் இறுதியில் தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் நுழைந்தவர்கள்கூட பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஒரு பாட்டை இறக்கிவிட முடிந்தது.

அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டவர் ஷான் ஃபேனிங் என்னும் பல்கலைக்கழக மாணவர். 1999ஆம் ஆண்டு ஜூன் மாதம், பதின்ம வயதைத் தாண்டாத அந்த இளைஞர் நேப்ஸ்டர் என்னும் சேவையைத் தொடங்கினார். நேப்ஸ்டரிடம் பாட்டு ஒன்றுகூட இல்லை. எந்தப் பாட்டு யாருடைய கணினியில் இருக்கிறது என்ற பட்டியல் மட்டுமே அதன் கையில் இருந்தது. பட்டியலில் தேடியவர், பாட்டை வைத்திருப்பவரின் கணினியிலிருந்து நேரடியாக எடுத்துக்கொண்டார். சில மாதங்களிலேயே உலகம் முழுவதும் கோடிக்கணக்கான பாடல்கள் கைமாறின.

அன்றைய ரசிகனின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிடித்த பாட்டு ஒன்றுதான் என்றாலும், அமெரிக்காவில் 15 டாலருக்கு மேல் கொடுத்து முழுக் குறுந்தட்டையும் வாங்க வேண்டியிருந்தது. ஒரு பாட்டை மட்டும் தனியாக விற்கும் வழக்கத்தை நிறுவனங்கள் மெல்ல மெல்லக் கைவிட்டிருந்தன. கடைக்காரர் கொடுக்க மறுத்ததை நேப்ஸ்டர் கொடுத்தது. அதுவும் இலவசமாக!

இசை நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 1999 டிசம்பரில் அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம் வழக்குப் போட்டது. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் மெட்டாலிக்கா என்னும் புகழ்பெற்ற இசைக்குழுவும் நீதிமன்றம் ஏறியது. வெளியிடப்படாத தங்கள் பாடல் ஒன்று வானொலியில் ஒலிப்பதைக் கேட்டு, அது எங்கிருந்து கசிந்தது என்று தேடியபோதுதான் நேப்ஸ்டரில் தங்கள் பாடல்கள் அனைத்தும் கிடைப்பது அவர்களுக்குத் தெரியவந்தது. அந்தக் குழுவின் மேளக் கலைஞர் லார்ஸ் உல்ரிச், தங்கள் பாடல்களைப் பகிர்ந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனர்களின் பெயர்களைக் காகிதத்தில் அச்சடித்து, பெட்டி பெட்டியாக நேப்ஸ்டர் அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கினார். அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் அந்தக் குழுவின் ரசிகர்கள்தான். சொந்த ரசிகர்களையே புகார்ப் பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்ற கோபம் நெடுநாள் தணியவில்லை.

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நேப்ஸ்டருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலையில் அதன் சேவை நின்றது. எது அதன் பலமாக இருந்ததோ, அந்த மையப் பட்டியலே அதற்கு எமனாகவும் ஆனது. தவறு நடப்பது தெரிந்தும் அதைத் தடுக்கும் வசதி கையில் இருந்தது என்பதே நீதிமன்றத்தின் பார்வை.

நிறுவனங்கள் வெற்றி விழாக் கொண்டாடியிருக்கலாம். ஆனால், நடந்தது குளவிக் கூட்டைக் கலைத்த கதைதான். கசா, குரோக்ஸ்டர் என்று புதிய சேவைகள் முளைத்தன. இவற்றில் மையப் பட்டியலே கிடையாது. பட்டியலும் பயனர்களின் கணினிகளிலேயே சிதறிக் கிடந்தது. தவறு செய்யத் தூண்டும் நோக்கத்தோடு சேவை நடத்துகிறவரும் அந்தத் தவறுக்குப் பொறுப்பு என்று 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை அவற்றைப் பிடிப்பது கடினமாக இருந்தது.

சேவைகளைப் பிடிக்க முடியாதபோதுதான் நிறுவனங்கள் ரசிகர்கள் பக்கம் திரும்பின. அந்தச் சிறுமியோடு தொடங்கிய வழக்குகள், 2008ஆம் ஆண்டு இறுதியில் இந்த வழிமுறையைக் கைவிடுவதாக அறிவிக்கும் வரை, ஏறக்குறைய 35,000 பேர் மீது பாய்ந்தன. பெரும்பாலோர் சில ஆயிரம் டாலர் கொடுத்துச் சமாதானமாகிவிட்டார்கள். வழக்கை எதிர்த்து நின்ற மினசோட்டா மாநிலத்துப் பெண் ஒருவருக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? வெறும் 24 பாடல்களுக்கு 2007இல் ஜூரிகள் விதித்த இழப்பீடு 2 லட்சத்து 22 ஆயிரம் டாலர். 2009இல் நடந்த மறு விசாரணையில் அது 19 லட்சத்து 20 ஆயிரம் டாலராக உயர்ந்தது. கடைசியில் 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2 லட்சத்து 22 ஆயிரத்தையே உறுதிசெய்தது. அந்த 24 பாடல்களையும் 99 காசு விலையில் இணையக் கடையில் வாங்கியிருந்தால் 24 டாலர்கூட ஆகியிருக்காது.

இன்னொரு பக்கம், முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் தொல்லை வந்தது. 2005ஆம் ஆண்டு சோனி பிஎம்ஜி நிறுவனம், நகல் எடுப்பதைத் தடுப்பதற்காகத் தன் குறுந்தட்டுகள் சிலவற்றில் ஒரு மென்பொருளைச் சேர்த்தது. குறுந்தட்டைக் கணினியில் போட்டால், அந்த மென்பொருள் உள்ளே புகுந்து, தன்னைத்தானே மறைத்துக்கொண்டது. அதே மறைவிடத்தில் நச்சு நிரல்களும் ஒளிந்துகொள்ள முடியும் என்பதைக் கணினி வல்லுநர் ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டதும் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் அந்தக் குறுந்தட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. திருடியவன் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையில் வாங்கியவன் கணினிக்குத்தான் ஆபத்து வந்தது.

அப்படியானால் எது பலன் தந்தது?

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் இசைக் கடையைத் திறந்தது. 2 லட்சம் பாடல்கள்; பாட்டு ஒன்றுக்கு 99 காசு. முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாடல்கள் விற்பனையாயின. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில். எளிதாகத் தேட முடிந்தால், நல்ல தரத்தில் கிடைத்தால், விலையும் நியாயமாக இருந்தால் மக்கள் பணம் கொடுக்கத் தயாராகவே இருந்தார்கள்.

தொடக்கத்தில் அந்தப் பாடல்களுக்கும் ஒரு மின்பூட்டுப் போடப்பட்டிருந்தது. 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட கடிதம் ஒன்று அந்தப் பூட்டின் பயனைக் கேள்விக்குள்ளாக்கியது. 2006இல் இணையத்தில் பூட்டோடு விற்கப்பட்ட பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டில் நிறுவனங்களே குறுந்தட்டில் பூட்டில்லாமல் விற்றவை 2,000 கோடிக்கு மேல். வாசல் கதவு திறந்து கிடக்கும்போது சன்னலுக்கு எதற்குப் பூட்டு? 2009இல் ஐடியூன்ஸ் பாடல்களின் பூட்டு அகற்றப்பட்டது.

மலேசியா, சிங்கப்பூர் நேயர்களுக்கு இங்கே ஒரு கணக்கு உண்டு. இசைத் திருட்டு என்றால் இங்கு முதலில் நினைவுக்கு வருவது பசார் மாலாமில் அடுக்கி விற்கப்பட்ட போலிக் குறுந்தட்டுகள்தாம். குறுந்தட்டுத் தொழிற்சாலைகளுக்கு உரிமம் கட்டாயம் என்று மலேசியா 2000ஆம் ஆண்டில் சட்டம் கொண்டுவந்தது. 2011 ஜூனில் கோப்புப் பகிர்வு இணையத்தளங்கள் பத்தை முடக்க உத்தரவிடப்பட்டது. அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி ஊடுருவிகள் அரசாங்க இணையத்தளங்களைத் தாக்கினார்கள். ஆனால், ஐடியூன்ஸ் இசைக் கடை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் திறந்தது 2012ஆம் ஆண்டில்தான். ஸ்பாட்டிஃபை வந்தது 2013இல். அதாவது, அமெரிக்க ரசிகனுக்குத் திறந்த அந்தக் கடை இங்குள்ள ரசிகனுக்கு ஒன்பது ஆண்டுகள் திறக்கப்படவில்லை. யோகி பி நட்சத்ரா குழு 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, அதை அந்தக் கடையில் வாங்க நினைத்த மலேசிய ரசிகனுக்கு வழியில்லை. நேர்வழி மூடியிருந்தால் குறுக்கு வழி தேய்ந்து பாதையாகிவிடும். இது திருட்டுக்கு நியாயம் சொல்வதாகாது. அது வளர்ந்ததற்குக் காரணம் சொல்வது.

திருட்டுக்குப் பேர்போன 'பைரேட் பே' தளம் பிறந்த நாடு சுவீடன். அதன் பொறுப்பாளர்களுக்கு 2009இல் அந்நாட்டு நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. அதே சுவீடனில்தான் ஸ்பாட்டிஃபையும் பிறந்தது. 2008இல் சேவையைத் தொடங்கிய அந்நிறுவனம், திருட்டைவிட வசதியான ஒன்றைக் கொடுத்தால் மக்கள் வருவார்கள் என்ற கணக்கில் இறங்கியது. கணக்குத் தப்பவில்லை. 1999க்குப் பிந்திய 15 ஆண்டுகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு சரிந்த உலக இசைப்பதிவு வருமானம், 2015 முதல் மீண்டும் ஏறத் தொடங்கியது. அனைத்துலக இசைப்பதிவுத் தொழில் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2024இல் அது 2,960 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இணைய ஒலிபரப்புச் சேவைகளிலிருந்து வந்தது.

திருட்டு ஒழிந்துவிட்டதா? இல்லை. காணொளியிலிருந்து பாட்டை மட்டும் உருவி எடுக்கும் தளங்கள் வந்தன. அவற்றில் மிகப் பெரிய ஒன்று 2017இல் வழக்கின் முடிவில் மூடப்பட்டது. மற்றவை தொடர்ந்தன.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. திரும்பி வந்த பணம் யார் கைக்குப் போகிறது? நேயர்கள் மாதந்தோறும் கட்டும் சந்தா, அவர்கள் கேட்ட பாடகருக்கு நேராகப் போய்ச் சேர்வதில்லை. பெரும்பாலும் எல்லாரும் கட்டும் பணம் ஒரே தொட்டியில் சேர்ந்து, மொத்தத்தில் யார் பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்ற விகிதத்தில் பிரிக்கப்படுகிறது. உள்ளூர்ப் பாடகரை மட்டுமே கேட்பவரின் பணத்திலும் பெரும்பங்கு உலக நட்சத்திரங்களுக்கே போகும். 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பதிவு உரிமைத்தொகை கொடுப்பதில்லை.

மலேசியாவில் இந்திய வம்சாவளியினர் ஏறக்குறைய 20 லட்சம் பேர்தான். அவர்களை நம்பித் தமிழில் பாட்டு எழுதி, இசையமைத்து, கைக்காசு போட்டு வெளியிடும் ஓர் இளைஞனுக்கு ஒவ்வொரு ரசிகனும் கணக்கில் சேர வேண்டியவன். "பெரிய கம்பெனிக்கு ஒரு பாட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்டுப் பழகிய வாய், உள்ளூர்க் கலைஞனின் பாட்டையும் அதே பழக்கத்தில் புலனக் குழுவில் கோப்பாகப் போட்டு அனுப்பிவிடுகிறது. பெரிய கம்பெனி தாங்கும். இவன் அடுத்த பாட்டைப் பதிவு செய்ய முடியாமல் வேறு வேலைக்குப் போய்விடுவான்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் உள்ள பாடல்கள் எங்கிருந்து வந்தன என்று இன்றிரவு ஒரு வார்த்தை கேளுங்கள். அதட்டாமல் கேளுங்கள். அந்தப் பாட்டுக்குப் பின்னால் பாடலாசிரியர், தபேலாக் கலைஞர், ஒலிப்பதிவாளர் என்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். உள்ளூர்க் கலைஞரின் பாட்டை அவருடைய அதிகாரப்பூர்வப் பக்கத்தில் கேளுங்கள். அதன் இணைப்பை மற்றவர்களுக்கு அனுப்புங்கள். இசை நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு வாங்குங்கள்.

2003இல் வழக்கைச் சந்தித்த அந்தச் சிறுமி இன்று முப்பது வயதைத் தாண்டியிருப்பார். அவர் மீது வழக்குப் போட்டவர்கள் பாட்டை நியாயமான விலையில் எளிதாகக் கொடுக்கக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. இனி, அந்த விலையில் கலைஞனுக்கு உரிய பங்கு போய்ச் சேர்கிறதா என்று கேட்கும் பொறுப்பு, பாட்டை ரசிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.