பெறாமல் தாயான பேராசான்
(வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளி விழாவில் யாரை நினைவுகூர்வது என்று எண்ணும்போது, என் உள்ளத்தில் முதலில் எழும் பெயர் அன்னை சாவித்திரிபாய் பூலே என்பதே. அவர் நம் மாநிலத்தவர் அல்லர். நம் குலத்தில் பிறந்தவரும் அல்லர். ஆயினும், எழுத்து மறுக்கப்பட்ட குழந்தைகளைத் தம் குழந்தைகளாகவே கொண்டவர். ஆசிரியப் பணியும் தாய்மையும் அவரிடம் வேறு வேறாக இருந்ததில்லை. அந்த ஒன்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மராட்டிய நாட்டில் சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த நாய்காவ் என்னும் சிற்றூரில், 1831ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், மாலி குலத்தில் அவர் பிறந்தார். 1840இல் ஜோதிராவ் பூலேயை மணந்தபோது அவருக்கு வயது 9. எழுதப் படிக்கத் தெரியாது. கணவரே அவருக்கு முதல் ஆசிரியரானார். பின்னர் முறையான ஆசிரியப் பயிற்சியும் பெற்றார். 1848இல் புனே நகரின் பிடே வாடாவில் பெண்களுக்கென இருவரும் பள்ளி தொடங்கியபோது, அன்னைக்கு வயது 17. அவர் பள்ளிக்குச் செல்லும் வழியில் சாணத்தையும் கல்லையும் எறிந்தனர் என்றும், அதனால் மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டு சென்றார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. அடுத்த ஆண்டு மாமனார் வீட்டிலிருந்தும் இருவரும் வெளியேற நேர்ந்தது. பள்ளிகளோ பெருகின. தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மகார், மாங்கு மக்களின் குழந்தைகளுக்கும் அவற்றின் கதவுகள் திறந்தன.

அந்தக் கல்வியின் பயன் யாது? முக்தா சால்வே என்னும் மாங்கு குலச் சிறுமி அப்பள்ளியில் பயின்றவள். மகார், மாங்கு மக்களின் துயரைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளிவந்தது. வேதத்தைப் படிக்கும் உரிமையற்ற எங்களுக்கு எது சமயம் என்று அச்சிறுமி அதில் வினவினாள்; கூரையில்லாத இடத்தில் பிள்ளை பெறும் தாய்மாரின் வேதனையை எடுத்துரைத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பிப்பது ஆசிரியரின் தொழில். தன் மக்களின் துன்பத்தைத் தன் சொல்லால் உரைக்கும் துணிவை ஊட்டுவது தாயின் செயல். அப்பள்ளி இரண்டையும் செய்தது.

தோழர்களே, அன்னையின் பணி பள்ளிச் சுவர்களுக்குள் அடங்கிவிடவில்லை. கருவுற்ற கைம்பெண்கள் ஊர்ப்பழிக்கு அஞ்சிச் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, 1863இல் அவ்விணையர் காப்பகம் ஒன்றை நிறுவினர். 1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டப்படாத மக்களுக்குத் திறந்துவிட்டனர். தமக்கு மகப்பேறு வாய்க்காத நிலையில், 1874இல் பிராமணக் கைம்பெண் ஒருவரின் குழந்தையைத் தத்தெடுத்து, யஷ்வந்த் என்று பெயரிட்டு, மருத்துவராக வளர்த்தனர். 1890இல் கணவர் மறைந்த பின்னும் சத்தியசோதக் சமாஜத்தின் பணியை அன்னை தொடர்ந்தார்.

1897இல் புனே வட்டாரத்தைக் கொள்ளைநோய் சூறையாடியது. நோயாளிகளுக்காக யஷ்வந்த் மருத்துவமனை நடத்தினார்; தாயும் உடன் நின்றார். முண்ட்வா ஊரின் மகார் சேரியில் சிறுவன் ஒருவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்து, அவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவமனையில் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 66. அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச்சு 10ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. தொட்டால் தீட்டென்று ஊர் விலக்கிய குழந்தையை முதுகில் ஏற்றிய தாய், அதற்கு விலையாகத் தம் உயிரையே ஈந்தார்.

2014இல் புனே பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அது தக்க சிறப்பே. ஆனால் நாம் செய்ய வேண்டிய சிறப்பு வேறொன்று உண்டு. 1956இல் ஆக்ராவில் பேசிய அண்ணல் அம்பேத்கர், படித்தவர்கள் தம் சமுதாயத்தைக் கைவிட்டுவிட்டனர் என்று மனம் நொந்தார். அந்தச் சொல் நம்மைச் சுடுகிறதா இல்லையா? நம்மில் பட்டம் பெற்றோர் உளர். பதவி பெற்றோரும் உளர். அவர்கள் ஏறி வந்த படிகளில் இன்று யாருடைய குழந்தை நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கின்றனரா?

வெள்ளி விழாவில் தேர்ச்சி பெற்றோரைக் கணக்கிட்டு மகிழ்கிறோம், மகிழத்தான் வேண்டும். அதே வேளையில் இடையில் நின்றவர்களையும் கணக்கிடுவோம். தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் பிள்ளை எவள்? கூலிக்குப் போகும் பையன் எவன்? அந்த வீட்டுப் படியேறிப் பெற்றோருடன் பேச வேண்டியவர் யார்? அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால் அக்குழந்தை வந்துவிடாது. நாமே சென்று அழைத்து வர வேண்டும். தேவையானால் சுமந்தும் வர வேண்டும்.

இளைஞர்களே! ஆளுக்கு ஒரு குழந்தையை உங்கள் பொறுப்பில் ஏற்றுக்கொள்ளுங்கள். அக்குழந்தை படித்து முடிக்கும் வரை கையை விடாதீர்கள். அன்னை சாவித்திரிபாயை மறவாதிருப்பதற்கு இதனினும் மேலான வழியை நான் அறியேன்.

வாழ்க அன்னையின் புகழ்! வளர்க சங்கத்தின் பணி!