அறமும் அளவும்
(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வழிப்போக்கருக்கு மடமும் சத்திரமும் சுமைதாங்கியும் அமைத்தவர்கள் நம் முன்னோர். அஃது அறம். ஆயின், மாநகர வீதிகளிலே வீடின்றி உறங்குவோர்க்கு அறம் மட்டும் போதுமா?

2009 டிசம்பர்க் கடுங்குளிரில், டில்லி பூசா வீதியில் இருந்த தற்காலிக இரவுக் காப்பகத்தை மாநகராட்சியே அகற்றியது. கூடாரம் போயிற்று, குளிர் போகவில்லை. வழக்கு எழுந்தது. 2010 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் காப்பகங்கள் திறக்கப் பணித்தது. 2013இல் வகுத்த நகர்ப்புற விதிகள் அளவும் கூறின: இலட்சம் மக்களுக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி, ஆண்டு முழுவதும், இரவும் பகலும் திறந்த கதவு.

இரக்கத்துக்கு அடி அளவா என்று நகையாதீர்கள். இன்று இடுபவர் நாளை இடாதிருக்கலாம். எழுதிய விதியோ, வாசலில் நிற்பவனை இரவலன் என்னாது, உரியவன் என்னும். எனினும் ஏட்டிலுள்ள விதி தானே கூரை வேயாது. அதனைக் கேட்டு நிற்பார் வேண்டும்.

நம் நாட்டிலும் பெருவெள்ளத்தின்போது பாடசாலைகளும் கோயில் மண்டபங்களுமே புகலிடமாகின்றன. அங்கே எத்தனை பேருக்கு இடம், எத்தனை மலசலகூடம், பெண்களுக்கு மறைவு உண்டா என்பவற்றை, வெள்ளம் வருமுன்னரே உள்ளூர்ச் சபையாரிடம் கேட்டு வைப்பது இளைஞராகிய நம் கடன்.