‘எப்பவுமே’ என்ற சொல்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன், காலாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கொடுக்கும்போது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம், “உனக்கு எப்பவுமே கணக்கு வராதுடா” என்றேன். வகுப்பே சிரித்தது. அதன்பின் அவன் கணக்குத் தேர்வில் வெற்றுத்தாளையே கொடுத்தான். சோம்பல் என்று நினைத்தேன்.

உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் கருத்துகளைப் படித்தபோதுதான் என் தவறு புரிந்தது. தோல்விக்கு ஒரு குழந்தை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் காரணம் முக்கியம் என்கிறார் அவர். ‘எப்பவுமே இப்படித்தான்’, ‘எதுவுமே வராது’, ‘எல்லாம் என்னால்தான்’ என்று எண்ணிப் பழகும் குழந்தை மனச்சோர்வுக்கு எளிதில் ஆளாகலாம். ‘எப்பவுமே’ என்ற சொல்லை அவனுக்குக் கொடுத்ததே நான்தான்.

அடுத்து அவன் நோட்டில், “பகுதிகளைச் சமமாக்காமல் பின்னங்களைக் கூட்டியிருக்கிறாய். பெருக்கல் சரி” என்று எழுதினேன். ‘நீ கெட்டிக்காரன்’ என்றால் நம்பியிருக்க மாட்டான். திருத்தக்கூடிய தவறு எது என்று காட்டியதும் திருத்தினான். அரையாண்டில் நான்கு கணக்குகள் போட்டான். இரண்டு தவறு. ஆனால் தாள் வெறுமையாக இல்லை.

இரண்டு வாரங்களாகியும் சோர்ந்து, யாருடனும் சேராமல் ஒதுங்கியிருக்கும் பிள்ளைக்கு நம் சொல் மட்டும் போதாது. பெற்றோரிடம் பேசுங்கள். ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் இலவச மனநல ஆலோசனை கிடைக்கும்.

நாளை விடைத்தாள் கொடுக்கும்போது, ‘எப்பவுமே’ என்று வாய்வரை வந்தால், ‘இந்த முறை’ என்று மாற்றிச் சொல்வோம்.