புற்றுநோயும் ஜீவசத்து ஊசியும்

(தாராசுரம் மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



பாவில் ஓர் இழை அறுந்தால் அதனைப் பிணைத்த பின்னரே நாம் நாடாவை ஓட்டுகின்றோம். வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று கேட்டமாத்திரத்தில் அந்நிதானம் நம்மை விட்டகல்கின்றது. நகையை அடகு வைத்தாவது பிறர் சொல்லும் சிகிச்சைகளை எல்லாம் நாடுகின்றோம். வைட்டமின் சி என்னும் ஜீவசத்தை இரத்தக்குழாய் வழியே பேரளவில் ஏற்றுதல் அவற்றுள் ஒன்று. “பழத்திலுள்ள சத்துத்தானே, தீங்கென்ன?” என்போர் பொருட்டே இன்று பேச முன்வந்தோம்.

நெல்லிக்கனியிலுள்ள இச்சத்து நமக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 100 மில்லிகிராமுக்கும் குறைவு. ஊசி வழியே ஏற்றுவதோ பல சமயங்களில் 50 கிராமுக்கு மேல். அதாவது, 500 மடங்கிற்கும் அதிகம். வாயால் உண்டால் குடல் ஓரெல்லைக்கு மேல் ஏற்பதில்லை. ஊசி அக்காவலைக் கடந்துவிடுகின்றது. அவ்வளவில் அஃது உணவன்று, மருந்தே.

அதனால் வரும் அபாயங்கள் மூன்று. ஜி6பிடி என்னும் நொதி குறைந்து பிறந்தவர்க்குச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். இக்குறை பெரும்பாலும் தாய்வழி ஆண்மக்களுக்கு வருவது, சோதித்தாலன்றி வெளித்தோன்றாது. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு இச்சத்து ஆக்ஸலேட் உப்பாக மாறிப் படிந்து, அவ்வுறுப்பைச் செயலிழக்கச் செய்யலாம். நீரிழிவுடையோர்க்கு, விரல் குத்திப் பார்க்கும் சில கருவிகள் இதனைச் சர்க்கரையென மயங்கி மிகுத்துக் காட்டும். அதை நம்பி இன்சுலின் ஏற்றினால் சர்க்கரை அபாயமாகத் தாழும். முன்னரே சோதித்துத் தேறியவர்க்குக் கடுந்தீங்கு அரிது என்பதும் உண்மையே.

பயன் யாது? 1976-ல் லைனஸ் பாலிங்கும் ஸ்காட்லாந்து வைத்தியர் காமரனும் நோயாளிகள் 100 பேர் இதனால் நெடுநாள் வாழ்ந்தனர் என்றனர். 2022-ல் சீனத்தில் குடற்புற்றுநோயாளர் 442 பேரிடம் ஊசியாகவே செய்த ஆராய்ச்சி, நோய் வளர்வதை இது தாமதப்படுத்தவில்லை என்று கண்டது. 2024-ல் அமெரிக்காவின் ஐயோவாவில் கணையப் புற்றுநோயாளர் 34 பேரிடம், கீமோ மருந்துடன் சேர்த்துத் தந்தபோது ஆயுள் நீண்டதாக அறிவித்தனர். நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆயினும் 34 பேரைக் கொண்டு எல்லோர்க்கும் விதி வகுத்தல் ஆகாது.

புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரை 1954-ல் அடையாற்றுப் புற்றுநோய் ஆஸ்பத்திரியாக மாற்றினார். புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டமும் அவ்வாண்டிலேயே பிறந்தது.

ஆகவே நாம் வேண்டிக்கொள்வது இதுவே: கத்தி, கதிர், கீமோ ஆகிய சிகிச்சைகளை இவ்வூசியின் பொருட்டு ஒத்திப்போடாதீர்கள். எவரேனும் இதனை ஏற்ற முன்வந்தால், ஜி6பிடியும் சிறுநீரகமும் சோதித்தாயிற்றா என்று கேளுங்கள். நோயைப் பார்க்கும் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகளின் ஆற்றலை இச்சத்து குறைக்கவும் கூடும். கேட்பது அவமரியாதையன்று, நோயாளிக்கு நாம் செய்யும் கடமை.

யாவரும் நோயற்று வாழ்க!