பிடித்தவருக்கா, ஜெயிக்கிறவருக்கா?

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரும் பொதுக்குழுவில் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் விருப்பம். வாக்குகளை எப்படி எண்ணுவது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. 100 வீடுகள் வாக்களிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர்த் தொட்டியைச் சீர்செய்வோம் என்று இருவர் நிற்கிறார்கள். இப்போது அந்தச் செலவு வேண்டாம் என்கிறார் மூன்றாமவர். முதல் இருவருக்கு 32, 28. மூன்றாமவருக்கு 40. தொட்டி வேண்டும் என்றவை 60 வீடுகள். ஜெயித்தவரோ வேண்டாம் என்றவர்!

இது முன்பே தெரிந்தால் அந்த 28 வீட்டாரும், "ஓட்டு வீணாகக் கூடாது" என்று பிடித்தவரை விட்டுவிட்டு, 32 வாங்குபவர் பக்கம் போவார்கள். அது தவறல்ல. ஆனால் அவர்கள் மனதில் இருந்தது பெட்டிக்குள் வராமலே போகிறது.

பெரிய தேர்தல்களிலும் இதே கதைதான். 2000-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ், அல் கோரை வென்றது வெறும் 537 வாக்குகளில். அங்கே மூன்றாவதாக வந்த ரால்ஃப் நாடெர் பெற்றவை 97,000-க்கும் மேல். அவர்களில் ஆயிரம் பேர் கோர் பக்கம் போயிருந்தால் அதிபரே மாறியிருப்பார்.

மாற்று வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார்கள். 1969-இல் முதல் எண்ணிக்கையில் வி.வி. கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. வெற்றிக்குத் தேவை 4,18,169. பின்தங்கியவர்களை நீக்கி, அவர்களுடைய வாக்குகளை அடுத்த விருப்பப்படி பிரித்ததும் கிரி 4,20,077; ரெட்டி 4,05,427. சி.டி. தேஷ்முக்குக்கு முதல் வாக்கு போட்டவர்களின் குரலும் கடைசிச் சுற்றுவரை எண்ணப்பட்டது.

இதிலும் குறை உண்டு. பலருக்கும் இரண்டாவதாகப் பிடித்த பொதுவான மனிதர், முதல் விருப்பம் குறைவு என்பதால் முதலிலேயே வெளியேறிவிடலாம். பிடித்த எல்லோருக்கும் டிக் போடும் முறையிலோ, இரண்டாமவருக்குப் போட்ட டிக் முதலாமவரையே தோற்கடிக்கலாம். மூன்று பேர் நின்றாலே, கணக்குப் போட்டு வாக்களிக்க இடமில்லாத தேர்தல் முறை கிடையாது. சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும், அல்லது ஒருவரே முடிவெடுக்க வேண்டும்! 1970-களில் கிப்பர்ட், சாட்டர்த்வெயிட் என்ற இரு அறிஞர்கள் இதை நிரூபித்தார்கள்.

ஒரே பதவிக்கு, ரகசிய வாக்குச் சீட்டில், விருப்ப வரிசை நமக்குப் போதும் என்பது என் கருத்து. சில நூறு சீட்டுகளை ஒரு மாலையில் எண்ணிவிடலாம். உங்களுக்கு வேறு முறை சரியென்று பட்டால் அதையும் பேசுவோம்.

எதுவானாலும், வேட்புமனு வாங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பெயர்கள் தெரிந்த பிறகு, தன் ஆள் ஜெயிக்கும் முறைதான் நியாயம் என்று ஆளாளுக்குச் சொல்வோம். ஆகவே உங்கள் கருத்தை இப்போதே எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள்.