பெருநாளுக்குப் பின்னும் பேணுதல் வேண்டும்



பெருநாள் ஒரு நாளில் நிறைவுறுகிறது. வீட்டில் சேர்ந்த தம்ரூட்டும் அல்வாவும் மிட்டாயும் பல நாட்கள் பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. இனிப்பு வாயில் பட்டவுடன் அங்குள்ள கிருமிகள் அமிலத்தை உண்டாக்கிப் பல்லை அரிக்கின்றன. எனவே, நாள் முழுதும் சிறிது சிறிதாகத் தின்பதே பெருங்கேடு. சர்க்கரையின் பங்கு அன்றாட உணவாற்றலில் 10 சதவீதத்திற்கும் குறைவாக இருக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது.

முற்றிலும் தடுத்தால் பிள்ளை மறைவில் உண்ணும். ஆகவே, உணவுக்குப் பின் ஒரு துண்டு கொடுங்கள்; இரவில் பல் துலக்கச் செய்யுங்கள். எஞ்சியதைப் பிள்ளையின் கையாலேயே அண்டை வீட்டாருக்கு அனுப்புங்கள்.

உண்பதில் வரம்பு மீறுவதைத் திருக்குர்ஆன் (7:31) விலக்குகிறது. நம் தேநீரில் சர்க்கரையை அள்ளியிட்டுக்கொண்டு பிள்ளையை அதட்டுவது முறையாகாது.

நோன்பு கற்பித்த கட்டுப்பாடு ஷவ்வாலிலும் தொடர அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.