சூடும் வேண்டும், காற்றும் வேண்டும்

(மகளிர் சங்கக் கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்றைய பேச்சு கோழிக்குஞ்சின் மூச்சைப் பற்றியது. முதலில் ஒரு கதை. அப்புறம் கதைக்குள் இருக்கும் பாடம்.

கோலார் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஓர் அம்மா. கணவர் கட்டட வேலைக்கு வெளியூர் போய்விடுவார். வீட்டில் மாமியார், அந்த அம்மா, பத்து வயது மகள். மூன்று பேர்தான்.

சங்கத்தில் கடன் வாங்கி அந்த அம்மா 50 குஞ்சுகள் வாங்கினார். எல்லாம் கிரிராஜா இனம். பெங்களூரு ஹெப்பாளில் உருவாக்கிய இனம் அது. வீட்டுப் புறக்கடையிலேயே வளரும். முட்டையும் இடும். கறிக்கும் ஆகும்.

குஞ்சு வந்தது மார்கழி மாதம். கோலார் மேட்டு நிலம். ராத்திரியில் குளிர் அதிகம்.

தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு யார் சூடு கொடுப்பது? அதற்குத்தான் புரூடர். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத் தகரம். நடுவில் தொங்கும் பல்பு. கீழே கூளம். இதுதான் புரூடர். அந்த அம்மா இதைத் தாங்கள் படுக்கும் அறையிலேயே வைத்தார். பூனை வராது, எலி வராது என்று நினைத்தார்.

கூளத்துக்குக் கடலைத் தொட்டி போட்டார். மழையில் நனைந்து, மூலையில் கிடந்த தொட்டி அது. காசு கொடுக்காமல் கிடைத்தது. குளிர் வராமல் இருக்கச் சன்னலில் சாக்கு அடித்தார். கதவு இடுக்கில் துணி அடைத்தார்.

ஐந்தாம் நாள் ராத்திரி மின்சாரம் போனது. பல்பு அணைந்தது. குஞ்சுகள் கத்தின. அந்த அம்மா ஒரு சட்டியில் அடுப்புக் கரியைப் போட்டுத் தணல் மூட்டினார். அதை அறைக்குள் வைத்தார். குஞ்சுகள் சட்டியைச் சுற்றிப் படுத்தன. கத்தல் நின்றது. மின்சாரம் தினமும் ராத்திரி போனது. சட்டியும் தினமும் உள்ளே வந்தது.

ஆறாம் நாள் ஒரு குஞ்சு தும்மியது. ஏழாம் நாள் பல குஞ்சுகள் தும்மின. எட்டாம் நாள் சில குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடின. அன்று இரண்டு செத்தன. ஒன்பதாம் நாள் காலையில் நான்கு செத்துக் கிடந்தன.

அன்று காலையில் மகளும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, தலை வலிக்குதும்மா. வாந்தி வருது" என்றாள்.

மாமியார் சொன்னார்: "குளிர்தான். கதவை இன்னும் நல்லா அடைச்சுப் படு."

டாக்டர் குனிந்து பார்த்தார்

அந்த அம்மா கால்நடை மருத்துவமனைக்குப் போனார். டாக்டர் வீட்டுக்கே வந்தார். அறைக்குள் நுழைந்ததும் சாக்கைப் பிடுங்கிப் போட்டார். கதவைத் திறந்தார். சட்டியை வெளியே எடுத்தார்.

"இதை ராத்திரி உள்ளேயா வச்சிருந்தீங்க?"

"ஆமாங்க டாக்டர். புகையே இல்லைங்களே."

"புகை கண்ணுக்குத் தெரியாதும்மா. முதல்ல பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பெரியம்மாவையும் காட்டுங்க. அப்புறம் குஞ்சைப் பார்ப்போம்."

மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. அது ரத்தத்தில் கலந்து, உயிர்க்காற்று உடம்புக்குக் கிடைக்காமல் தடுக்கும். முதலில் தலைவலி. பிறகு மயக்கம், வாந்தி. அப்படியே தூங்கினால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கோழிக்கும் அப்படித்தான். மனிதருக்கும் அப்படித்தான்.

மகள் பிழைத்துக்கொண்டாள். மாமியாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு ராத்திரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

சாயங்காலம் டாக்டர் திரும்ப வந்தார். "எப்ப ஆரம்பிச்சது? எத்தனை தும்முச்சு? எத்தனை செத்துச்சு?" என்று கேட்டார்.

அந்த அம்மா ஒரு நோட்டை எடுத்தார். அறிவொளி வகுப்பில் எழுதப் படித்தவர் அவர். நாள்தோறும் குறித்து வைத்திருந்தார். ஆறாம் நாள், தும்மல், 1. எட்டாம் நாள், சாவு, 2. ஒன்பதாம் நாள், சாவு, 4. எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார்.

"பாதி வேலையை நீங்களே முடிச்சிட்டீங்கம்மா" என்றார் டாக்டர்.

பிறகு அவர் குனிந்தார். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை வைத்து மூச்சு இழுத்தார். அவர் கண்ணில் நீர் வந்தது. அந்த அம்மாவையும் குனியச் சொன்னார். அவருக்கும் மூக்கு எரிந்தது.

ஈரக் கூளத்தில் எச்சம் சேர்ந்தால் அம்மோனியா என்ற வாயு வரும். நின்றுகொண்டு பார்த்தால் அவ்வளவாகத் தெரியாது. தினமும் அங்கேயே இருப்பவர் மூக்குக்கும் அது பழகிவிடும். ஆனால் குஞ்சின் மூக்கு தரையோடு தரையாக இருக்கிறது. பகலும் இரவும் அதையே இழுக்கிறது. மூச்சுக் குழாய் புண்ணாகிறது. அந்தப் புண்ணில் மற்ற நோய்கள் சுலபமாக நுழைகின்றன.

டாக்டர் செத்த குஞ்சு ஒன்றை அறுத்துப் பார்த்தார். நுரையீரலில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சிறு சிறு முடிச்சுகள் இருந்தன. கூளத்தைக் கிளறினார். அடியில் கடலைத் தொட்டி சாம்பல் பச்சையாகப் பூத்திருந்தது.

"இது பூஞ்சைக்காளான். இதோட தூள் மூச்சுல போயிருக்கு. இதுக்குப் புரூடர் நிமோனியான்னு பேரு."

"மருந்து கொடுங்க டாக்டர்."

"இதுக்கு மருந்து பாட்டில்ல இல்லைம்மா. கூளத்தை மாத்துங்க. சன்னலைத் திறங்க. அதுதான் மருந்து."

குஞ்சின் மூச்சு எப்படி?

மனிதருக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசைத் திரை உண்டு. அது ஏறி இறங்கி மூச்சை இழுக்கிறது. கோழிக்கு அப்படிப்பட்ட திரை இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் கோழிக்கு மூச்சு வரும். அதனால் குழந்தைகள் குஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் மூச்சு நின்றுவிடும்.

கோழியின் உடம்புக்குள் ஒன்பது காற்றுப் பைகள் இருக்கின்றன. இழுத்த காற்று நுரையீரலோடு நிற்பதில்லை. உடம்பு முழுக்கப் போகிறது. காற்று கெட்டால் உடம்பே கெடும்.

எந்த மூச்சு எதைச் சொல்கிறது?

வாயைத் திறந்து மூச்சு விடும் குஞ்சு எல்லாம் நோயாளி இல்லை. பல்புக்கு எட்டப் போய், இறக்கையை விரித்து, சத்தமில்லாமல் மூச்சு வாங்கினால் அது வெப்பம். பல்பை உயர்த்துங்கள். சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

கண்ணில் நீர், தும்மல், மூக்கெரிச்சல். இது அம்மோனியாவாகவோ தூசியாகவோ இருக்கலாம்.

கழுத்தை நீட்டி, சத்தம் அதிகம் இல்லாமல் மூச்சுக்குத் தவித்தால் பூஞ்சையாக இருக்கலாம். இது ஒரு குஞ்சிடமிருந்து இன்னொரு குஞ்சுக்குத் தொற்றாது. ஆனால் எல்லாக் குஞ்சும் ஒரே கூளத்தில்தானே இருக்கின்றன?

ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கரகர என்று சளிச் சத்தம் வருகிறதா? மூக்கில் சளி, கண்ணில் நுரை இருக்கிறதா? அப்படியானால் அது தொற்றும் சளி நோயாக இருக்கலாம். டாக்டர் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றக் கூடாது.

மூச்சுத் திணறலோடு பச்சையாகக் கழிகிறதா? கழுத்து முறுக்கிக்கொள்கிறதா? மளமளவென்று சாகின்றனவா? அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். இதற்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயர். ராணிக்கெட் என்பது உத்தராகண்ட் மாநிலத்தில் ஒரு மலை ஊர். 1920-களில் அங்கே இந்த நோயைக் கண்டறிந்தார்கள். அந்த ஊர்ப் பெயரே நோய்க்கு வந்துவிட்டது. வந்த பிறகு இதற்கு மருந்து இல்லை. வராமல் தடுக்கலாம். முதல் வாரத்தில், ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள், கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விட வேண்டும். நான்காம் வாரத்தில் மறுபடியும் கொடுக்க வேண்டும். மருந்தை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். சொட்டு விட்ட பிறகு சில நாள் லேசாகத் தும்மினால் பயப்பட வேண்டாம். ஆனால் ஏற்கெனவே நோயாக இருக்கும் குஞ்சுக்குச் சொட்டு விடக் கூடாது.

2006-இல் மகாராஷ்டிராவில் நவாப்பூர் என்ற ஊரில் பறவைக்காய்ச்சல் வந்தது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. அது மனிதருக்கும் வரக்கூடிய நோய். அதனால் நிறையக் கோழிகள் திடீரென்று செத்தால் மறைக்காதீர்கள். கையால் தொடாதீர்கள். உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

என்ன செய்ய வேண்டும்?

கூளம்: காய்ந்த உமியோ மரச்சீவலோ இரண்டு அங்குலம் போடுங்கள். கையில் எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக ஒட்டினால் ஈரம். மோந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் வேண்டாம். தினமும் கிளறிவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அள்ளுங்கள். பூஞ்சை பிடித்த கூளத்தை அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

சூடு: முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். வெப்பமானி இல்லையா? குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் வெப்பம். ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் குளிர்காற்று அடிக்கிறது. பரவிப் படுத்தால் எல்லாம் சரி.

பல்பு: ஒரு குஞ்சுக்கு 1 முதல் 2 வாட் வேண்டும். 50 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். குளிர் அதிகமானால் இரண்டு வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும். தேவையான சூடு தராது. பல்பைக் கம்பியில் உறுதியாகக் கட்டுங்கள். கூளத்தில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

காற்று: கீழே அடையுங்கள். மேலே திறந்து வையுங்கள். குஞ்சு உயரத்தில் தகரமோ அட்டையோ இருந்தால் குளிர்காற்று அதன் மேல் அடிக்காது. மேலே சன்னல் திறந்திருந்தால் கெட்ட காற்று வெளியே போகும்.

மின்சாரம் போனால்: வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி நடுவில் வையுங்கள். கரிச் சட்டியை மூடிய அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள்.

நோய்க் குஞ்சு: தனியே பிரித்து வையுங்கள். நல்ல குஞ்சுக்கு முதலில் தீனி, நோய்க் குஞ்சுக்குக் கடைசியில். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். செத்ததை நாய்க்குப் போடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

கதையின் முடிவு

அந்த அம்மா அன்றே கூளத்தை அள்ளிக் கொளுத்தினார். உமி போட்டார். புரூடரைத் திண்ணைக்கு மாற்றிக் கம்பி வலை அடித்தார். அதற்குப் பிறகு மூன்று குஞ்சுகள் செத்தன. அவை ஏற்கெனவே முற்றிப் போனவை. மற்றவற்றுக்கு ஒரு வாரத்தில் தும்மல் நின்றது. அதற்கப்புறம் டாக்டர் தடுப்புச் சொட்டு விட்டார்.

50 குஞ்சில் 41 பிழைத்தன. கடன் அடைய இரண்டு மாதம் கூடுதலாக ஆனது. ஆனால் அடைந்தது.

மாமியார் இப்போது அக்கம்பக்கத்தில் குஞ்சு வாங்கும் வீட்டுக்கெல்லாம் போகிறார். போனதும் குனிந்து தரையை மோந்து பார்க்கிறார். சன்னல் மூடியிருந்தால் திறக்கிறார்.

"சூடு போனா குஞ்சு கத்தும். நமக்குத் தெரியும். காத்து போனா கத்தாதும்மா. சத்தமில்லாம செத்துப் போகும்" என்கிறார்.

தாய்மார்களே, இன்று ராத்திரி படுப்பதற்கு முன் உங்கள் புரூடர் அருகே உட்காருங்கள். கொஞ்ச நேரம் பேசாமல் காது கொடுங்கள். குனிந்து மோந்து பாருங்கள். பார்த்ததை நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். நாளைக்கு அந்த ஒரு வரி உங்கள் குஞ்சைக் காப்பாற்றலாம்.